கரை என்னும் சொல்



சென்ற வாரம் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு ஜவுளிக்கடைக்குள் நின்றிருந்தேன். பக்கத்தில் வயதான தாயார் ஒருவர் பேத்திக்குப் புடவை பார்த்துக்கொண்டிருந்தார். "பெரிய பார்டரா, சின்ன பார்டராம்மா?" என்று கேட்டான் விற்பனைக்கு நின்ற பையன். "கரை கொஞ்சம் அகலமா இருக்கட்டும் தம்பி" என்றார் அவர். பையன் திகைத்துப்போய், "கறையா? புதுப் புடவையில கறை எப்படிம்மா இருக்கும்?" என்றான். கல்லாவில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். வீடு திரும்பிய பிறகுதான் அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கியது. புடவையிலிருந்து 'கரை' நழுவிப்போய், அந்த இடத்தில் 'பார்டர்' வந்து அமர்ந்துவிட்டது. அரசியல்வாதிகளின் புண்ணியத்தால் வேட்டியில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'கரை வேட்டி' என்றால் இன்றும் எல்லாருக்கும் விளங்கும்.

இந்த வாரம் அவ்விரண்டு சொற்களின் வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். சொல்லாராய்ச்சி சபைக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். சற்றுப் பொறுங்கள், அந்த ஆராய்ச்சி உங்கள் வீட்டு வாசல்வரை வந்து நிற்கும்.

'பார்டர்' ஆங்கிலத்தில் பிறந்த சொல் அன்று. பழைய பிரெஞ்சு மொழியில் 'போர்த்' என்பது கப்பலின் பக்கப் பலகையைக் குறித்தது. அச்சொல்லைப் பிரெஞ்சுக்காரர் செர்மானியக் குடிகளிடமிருந்து பெற்றார்கள். ஆடையின் ஓரத்தில் தைக்கப்படும் பட்டைக்கும், கேடயத்தின் விளிம்புக்கும் அது பெயராகி, அந்தப் பொருளோடு ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட நிலப்பகுதி 'பார்டர்ஸ்' என்றே அழைக்கப்பட்டது. துணியின் ஓரத்தைக் குறித்த சொல், இப்படித்தான் நாட்டின் எல்லையைக் குறிக்கவும் பழகிற்று. பலகையைக் குறிக்கும் 'போர்டு' இதன் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவையா, அருகருகே வளர்ந்த இரண்டு வேர்கள் பின்னிப் பிணைந்தவையா என்பதில் சொல்லறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. எப்படியாயினும், பலகை உணவு மேசையாயிற்று. மேசை அதன்மேல் பரிமாறும் உணவுக்கே பெயராயிற்று. மிஷன் பள்ளி விடுதிகளை நம் பாட்டன்மார் 'போர்டிங்' என்று அழைத்தது அதனால்தான். 'போர்டிங்கில் படித்தேன்' என்று சொல்லும் மூத்தோர் நம் சபையில் அநேகர் உண்டு. தாம் சொல்வது அடிப்படையில் 'மேசைச் சோற்றில் வளர்ந்தேன்' என்பதே என்று அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்!

இனி, கரை. இது தென்மொழிக் குடும்பத்தின் பழஞ்சொல். மலையாளத்தில் 'கர', கன்னடத்தில் 'கரெ'. நீரின் ஓரம், துணியின் ஓரம், வயலின் வரம்பு ஆகிய எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். கேரளத்தில் ஊரின் ஒரு பிரிவையே 'கர' என்பார்கள். 'கரயோகம்' அதன் வழிவந்தது. 'கரைதல்' என்ற வினைக்கும் இதற்கும் தொடர்பு கற்பித்து, 'அலையில் கரைவதால் கரை' என்று மேடையில் விளக்குவோரை நான் கேட்டிருக்கிறேன். கேட்க இனிமைதான், ஆனால் அகராதியில் இவை வெவ்வேறு சொற்கள்.

நம் அன்றாடப் பேச்சில் இச்சொல் எத்தனை சுமக்கிறது என்று கவனியுங்கள். மகளுக்கு மணமுடித்த தகப்பன் 'கரைசேர்த்துவிட்டேன்' என்கிறான். கல்வியில் தேர்ந்தவர் 'கரை கண்டவர்'. கடனில் மூழ்கியவர் 'கரையேற' வழி தேடுகிறார். இவற்றிலெல்லாம் கரை என்பது கால் ஊன்றக் கிடைக்கும் இடம். வியப்பு என்னவென்றால், ஆங்கிலேயர் அன்றாடம் சொல்லும் 'அரைவ்' என்ற சொல்லும் இதே கதைதான். ஆற்றங்கரைக்கு இலத்தீனில் 'ரீப்பா' என்று பெயர். கரைக்கு வந்து சேர்வது என்ற பொருளில் பிறந்ததே 'அரைவ்'. நம் மின்சார இரயிலோ வடமுனையில் 'சென்னை கடற்கரை' என்ற பெயருள்ள நிலையத்தில்தான் போய் நிற்கிறது. அந்த வண்டி வந்து சேரும் அறிவிப்பை ஆங்கிலத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும், கரையைத் தொடாமல் அது முடிவதில்லை.

திருமறையின் மூலமொழியிலும் ஓரத்துக்கு வளமான சொற்கள் உண்டு. எபிரெயத்தில் கடற்கரையைக் குறிக்கும் 'சாஃபா' என்ற சொல்லின் முதற்பொருள் உதடு. பேசும் மொழிக்கும் அதுவே பெயர். ஆபிரகாமுக்கு வாக்களிக்கப்பட்ட மணல், மூலத்தில் கடலின் உதட்டில் கிடக்கிறது. பாபேல் கதையின் தொடக்கத்தில் உலகம் முழுவதற்கும் ஒரே உதடு இருக்கிறது. ஆடையின் ஓரத்துக்கு வேறொரு சொல், 'கானாஃப்'. அது பறவையின் சிறகையும் குறிக்கும். ரூத் தஞ்சம் புகுந்த ஆண்டவருடைய சிறகும், அவள் தன்மேல் விரிக்கும்படி போவாசிடம் கேட்ட போர்வையின் ஓரமும் மூலத்தில் ஒரே சொல். பெரும்பாடுள்ள பெண் தொட்ட வஸ்திர ஓரத்தைப் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு லூக்காவில் 'பார்டர்' என்றே எழுதியது. நம்முடைய மொழிபெயர்ப்பாளர்கள் 'ஓரம்' என்றார்கள். கரை என்று எழுதியிருந்தால் எவ்வளவு பொருந்தியிருக்கும் என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. ஆழத்தில் மூழ்கிக்கொண்டிருந்தவள் அல்லவா அவள்!

பிரியமானவர்களே, இனித்தான் நம் ஊருக்கு வருகிறோம். கரை என்றவுடன் கடலும் ஆறும் நினைவுக்கு வந்தால் நீங்கள் செங்கல்பட்டுச் சீமையின் பழைய குடிகள் அல்லர். இந்த மண்ணில் வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்கள் கொட்டும் மழையே ஆண்டு முழுவதற்கும் உரிய செல்வம். அதைப் பிடித்துவைக்க நம் முன்னோர் செய்தது ஒன்றுதான். சரிந்து கிடக்கும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் மண்ணைக் கொட்டி உயர்த்தினார்கள். மேட்டுப்பக்கம் கரை கிடையாது. அங்கே நீர் தானாக நின்றுவிடும். ஆகவே இங்கே ஏரி என்பது பெரும்பாலும் கரைதான். கரையை எடுத்துவிட்டால் ஏரியும் இல்லை. ஆங்கிலப் 'பார்டர்' ஒரு பொருள் எங்கே முடிகிறது என்று காட்டுகிறது. நம் ஏரிக்கரையோ, அந்தப் பொருளையே உண்டாக்குகிறது.

அதன் உட்சரிவில் அலை அரிக்காதபடி கல் பதித்தார்கள். வயலுக்கு நீர்விட மதகு வைத்தார்கள். நிரம்பினால் கரை உடையாமல் உபரி வழிந்தோடக் கலங்கல் கட்டினார்கள். அந்த உபரி வீணாகாமல் கீழேயுள்ள அடுத்த ஏரிக்குச் சென்றது. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், அங்கிருந்து கீழ்க்கட்டளை, பின் நாராயணபுரம், முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு. இருப்புப்பாதைக்கு மேற்கே உள்ள நீர் முடிச்சூர்ப் பக்கம் இறங்கி அடையாற்றைத் தேடிற்று. நம் நிலையப் பெயர்களிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. பழவந்தாங்கலில் இருக்கும் 'தாங்கல்' என்றால் சிறு ஏரி. சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம் என்று முடியும் 'பாக்கம்' முதலில் கடலோரத்து ஊரைக் குறித்த சொல். பிறகு எந்த ஊருக்கும் ஆயிற்று.

கரையைக் கட்டுவதைவிடக் காப்பதே கடினம். காவிரிக்குக் கரை எழுப்பியவன் என்று கரிகாலனைச் சோழர் செப்பேடு புகழ்கிறது. ஆனால் ஆண்டுதோறும் மண் அள்ளிப் போட்டவர்களைச் செப்பேடுகள் பாடுவதில்லை. இங்கிருந்து தென்மேற்கே உள்ள உத்தரமேரூருக்குச் சென்றவர்கள், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகளைக் கண்டிருப்பீர்கள். குடவோலைத் தேர்தலுக்காக அவை பெயர் பெற்றவை. பாடப்புத்தகங்கள் விரைந்து கடந்துபோகும் ஒரு செய்தி அவற்றில் உண்டு. குடவோலை எடுத்துத் தெரிவு செய்யப்பட்ட குழுக்களுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஊரார் ஆள் தெரிந்தெடுத்தார்கள். பிற்காலத்தில் அந்தப் பொறுப்பு குடிமராமத்து என்ற பெயரில் நின்றது. கம்பெனி ஆட்சியின் கடைசி ஆண்டான 1858இல் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் ஊர்க்குடிகள் வந்து உழைத்தே தீரவேண்டும் என்பது அதன் சாரம். தானாக நடந்துவந்த ஒன்றைச் சட்டம் போட்டு வாங்கவேண்டிய நிலை அப்போதே வந்துவிட்டது என்று அதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

கரை என்ற சொல்லுக்கு நான் இதுவரை மறைத்துவைத்த இன்னொரு பொருள் உண்டு. அது பங்கு. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனி ஜாகீராகப் பெற்றது. தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அதை அளந்து கணக்கெடுத்தார். பின்னர், சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், மிராசு உரிமையைப் பற்றி எழுதிய விளக்கங்கள் 1818இல் அச்சாயின. திருக்குறளில் தோய்ந்த, தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்று 1816இல் எழுதிய அதே எல்லிஸ்தான். ஊர் நிலத்தைப் பங்காளிகள் பொதுவில் வைத்து அனுபவித்தால் அது பசுங்கரை. நிலையாகப் பிரித்துக்கொண்டால் அறுதிக்கரை. தஞ்சைப் பக்கத்தில் நிலத்தைக் காலத்துக்குக் காலம் மாற்றிப் பகிரும் முறைக்குக் கரையீடு என்று பெயர். கரையுடையவன் என்றால் ஊரில் பங்குடையவன்.

இதைப் போலவே 'மேரை' என்று ஒரு சொல். அதற்கு எல்லை என்று ஒரு பொருள். அறுவடையின்போது களத்தில் ஊர் ஊழியர்களுக்கு அளந்து கொடுக்கும் தானியம் என்று இன்னொரு பொருள். லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரத்தை அறிந்த உங்களுக்கு இது அந்நியமாக இராது. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடும்படி அங்கே கட்டளை இருக்கிறது. அந்த ஓரத்துக்கு எபிரெயத்தில் 'பேயா' என்று பெயர். பின்னாளைய யூத மரபில் ஏழைகளுக்கு உரிய அந்தப் பங்குக்கும் அதுவே பெயராயிற்று. இரண்டு தொலைவான மொழிகள் எல்லையையும் பங்கையும் ஒரே சொல்லில் முடிந்துவைத்திருக்கின்றன.

ஆனால் பழங்காலத்தைப் பொற்காலமாக வரைந்துவிட்டு நான் நகர்ந்துவிட்டால் அது நேர்மையாகாது. கரைக்கு மண் சுமந்தவர்களுள் பெரும்பகுதியினருக்குக் கரையில் பங்கு இல்லை. சேற்றில் இறங்கி நட்டவர்களுக்கு மேரை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. செங்கல்பட்டின் கலெக்டராகப் பணியாற்றிய டிரெமென்ஹீர் 1891இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, இந்த மாவட்டத்தின் பறையர் குடும்பங்கள் குடியிருக்கும் மண்கூடத் தங்களுக்குச் சொந்தமில்லாமல் வாழ்ந்ததை விவரித்தது. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரு, வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கவுடி ஆகிய போதகர்களும் அந்நாளில் இதற்காக வாதாடினார்கள். 1892இல் அரசாணை பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் கேள்விப்படுவதன் தொடக்கம் அதுவே. அந்த நிலங்களுள் பலவும் பிற்பாடு பிறர் கைக்குப் போனது வேறொரு நீண்ட துயரம்.

இவ்வளவுக்கும் தாம்பரம் அந்நாளில் சென்னைக்கு ஓரம். ஊருக்குள் வைத்துக்கொள்ள அஞ்சியதும், ஊருக்குள் இடம் போதாததும் இங்கே வந்தன. காசநோயாளிகளுக்காக டாக்டர் சவரிமுத்து 1928இல் சானடோரியத்தைத் தொடங்கினார். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. ஜார்ஜ் டவுனில் நெருக்குண்டிருந்த கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் சேலையூர்க் காட்டுக்கு இடம்பெயர்ந்தது. மறு ஆண்டு டிசம்பரில் உலக மிஷனெரி மன்றம் அந்த வளாகத்தில்தான் கூடியது. உலகத் திருச்சபையின் வரலாற்றைப் படிப்போர் இன்றும் 'தாம்பரம் 1938' என்பார்கள். ஓரத்தில் இருந்த ஊர் சில வாரங்கள் நடுவுக்கு வந்தது.

பிறகு நாம் வந்தோம். நான் 'நாம்' என்று எண்ணித்தான் எழுதுகிறேன். திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் மதுரையிலிருந்தும் வேலை தேடி வந்து, அரை கிரவுண்டு வாங்கி, வீடு கட்டி, ஒரு வீட்டு வராந்தாவில் ஜெபக்கூட்டம் தொடங்கி, அதைச் சபையாக வளர்த்தவர்கள் நாம். வயல் மனையானது, மதகு குப்பையில் புதைந்தது. பல்லாவரம் பெரிய ஏரியை இன்று சாலையொன்று நடுவே பிளந்து போகிறது. 2021இல் தாம்பரம் மாநகராட்சியானபோது பல்லாவரமும் செம்பாக்கமும் சிட்லப்பாக்கமும் பீர்க்கன்காரணையும் அதற்குள் வந்தன. ஓரம் என்று சொல்ல இனி இங்கே எதுவும் மீதமில்லை.

தண்ணீர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடியில் நின்றவர்களைப் படகில் இறக்கியதை நீங்கள் மறந்திருக்க முடியாது. உங்களில் சிலர் அந்தப் படகில் இருந்தீர்கள். நீர் புதுவழி எதையும் தேடவில்லை. உபரி போகும் பழைய பாதையில்தான் போயிற்று.

அதன்பின் ஆக்கிரமிப்பு அகற்றும் பணி வந்தது. பதிவேட்டில் ஏரிக்கரைக்குப் 'புறம்போக்கு' என்று பெயர். தீர்வை விதிக்காமல் புறத்தே விடப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். பொதுவுக்கு உரியது என்பது அதனுள் அடக்கம். நாமோ அதை ஒரு வசைச்சொல்லாக்கிவிட்டோம். கரைமேல் குடிசை போட்டிருந்தவர்கள் தொலைவிலுள்ள குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஏரி மீளவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் கரையிலிருந்த குடிசையின் அளவுக்கு, ஏரியின் உள்ளே நீர் நின்ற இடத்தில் எழுந்த மாடிக் கட்டடங்களை எவரும் அளக்கவில்லை என்பது என் மனத்தை உறுத்துகிறது. அந்த மாடிகளில் குடியிருப்போர் நம் ஆராதனைக்கும் வருகிறார்கள். வீட்டுப் பிரதிஷ்டைக்கு ஜெபிக்கச் சென்றவன் நான். அடியில் என்ன இருந்தது என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

ஆகவே இந்தப் பருவமழைக்கு முன் ஒன்று செய்யுங்கள். அலமாரியைத் திறந்து உங்கள் வீட்டின் தாய்ப்பத்திரத்தை எடுங்கள். கடைசிப் பக்கத்தில் சொத்து விவரத்தின் கீழ் நான்கெல்லை எழுதியிருக்கும். பிறகு உங்கள் கிரயப் பத்திரத்தையும் எடுத்து, இரண்டின் எல்லைகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நானும் சென்ற வாரம், அந்த ஜவுளிக்கடையிலிருந்து திரும்பிய இரவில், நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பத்திரங்களை எடுத்துப் பார்த்தேன். இப்போதைய பத்திரத்தில் வடக்கு எல்லை '20 அடி ரோடுக்குத் தெற்கு' என்று இருக்கிறது. பழுப்பேறிய தாய்ப்பத்திரத்தில் அதே இடத்தில் 'ஏரி வாய்க்காலுக்குத் தெற்கு' என்று எழுதியிருக்கிறது. 2015இல் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வடக்கு வாசல் வழியாகத்தான் வந்தது.